தண்டு-இலையா, ஹிஸ்டோகிராமா?

19 பேரின் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்த தாள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தண்டு-இலை வரைபடமாகப் போட்டால் இப்படி வரும்:

5 | 6
6 | 0 4 4 8 8 8
7 | 2 2 2 2 6 6 9
8 | 0 4 8
9 | 2
10 |
11 | 2

கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது தண்டு, வலப்பக்கம் இலைகள். 7 | 2 என்றால் 72. இந்தக் குறிப்பைப் படத்தின் கீழே எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் 7.2 என்றும் ஒருவர் படிப்பார். 10-க்கு இலையே இல்லை, ஆனாலும் அந்த வரியை விடக்கூடாது. விட்டால் 112 தனியாக ஒதுங்கி நிற்பது தெரியாமல் போகும்.

இதே எண்களுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்து ஹிஸ்டோகிராம் வரைந்தால், பாடப்புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று வருமே அதுதான், கிடைப்பது இதே உருவம். மேலே உள்ள படத்தை இடப்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், வரிகள் செவ்வகங்களாக எழுந்து நிற்கும். அப்படியானால் என்ன வித்தியாசம்? ஹிஸ்டோகிராம் '70 முதல் 79 வரை 7 பேர்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அந்த ஏழும் எவை என்று அதைக் கேட்டுப் பயனில்லை.

இலைகளை இன்னொரு தரம் பாருங்கள். 79-ஐத் தவிர எல்லாமே நான்கால் வகுபடும் எண்கள். 15 விநாடி மட்டும் எண்ணி நான்கால் பெருக்கியிருக்கிறார்கள்! ஒருவர்தான் முழு நிமிடமும் எண்ணியிருக்கிறார் போலிருக்கிறது. அளந்த விதத்தையே காட்டிக்கொடுக்கும் இந்தத் தடயம் ஹிஸ்டோகிராமில் அறவே மறைந்துவிடும். என்னைக் கேட்டால் தண்டு-இலைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இடைநிலை அளவும் கையோடு கிடைக்கிறது. 19-இல் நடுவில் நிற்பது பத்தாவது எண். முதல் இரண்டு வரிகளில் 7 இலைகள், அடுத்த வரியில் மூன்றாவது இலை, ஆக 72. முகடும், அதாவது அதிக முறை வரும் எண்ணும், அதுவே. ஆனால் இலைகளை ஏறுவரிசையில் அடுக்கியிருந்தால்தான் இந்த எண்ணிக்கை செல்லும். முதலில் வந்தபடி எழுதிவிட்டு, அப்புறம் வரிசைப்படுத்தி இன்னொரு முறை எழுதுவதே சுலபம். இலைகளுக்கு இடையே ஒரே இடைவெளி விடுங்கள். நெருக்கி எழுதிய வரி குட்டையாகத் தெரிந்து ஏமாற்றும்.

ஹிஸ்டோகிராம் ஜெயிக்கும் இடம் வேறு. 2,000 எண்களுக்கு இலை எழுதிப் பாருங்கள், தாளும் போதாது, பொறுமையும் போதாது. பிரிவின் அகலத்தையும் அதில் 7, 12 என்று விருப்பம்போல் வைக்கலாம். தண்டு-இலையில் பத்து, அல்லது ஒரு தண்டை இரண்டாகவோ ஐந்தாகவோ பிளப்பது, அவ்வளவுதான்.

இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே தண்டுக்கு இருபுறமும் இலை வைக்கலாம், அழகாக இருக்கும். மூன்றாவது குழு வந்தால் இடமில்லை. அப்போது எண்களின் நடுப்பாதியை ஒரு பெட்டியாகக் காட்டும் பெட்டிப்படத்துக்குப் போவதுதான் சரி. 1970-களில் தண்டு-இலையைப் பரவலாக்கிய அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கிதான் அதையும் கொடுத்தார்.