நிரந்தர ஜிபிஎஸ் நிலையமா, ஆண்டுக்கொரு முறை அளவீடா?

தென் கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் நீளும் அச்சன்கோவில் வெட்டுமண்டலம், அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பழைய பிளவுப்பட்டை, 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது. அதன் இருபுறமும் நிலம் இன்று நகர்கிறதா என்று பார்க்க முனைந்தபோது எங்கள் சிறு குழுவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. தென்காசிப் பக்கம் பாறைமேல் இரண்டு நிரந்தர நிலையங்களை நடலாம். அல்லது ஒரே கருவியை முக்காலியோடு சுமந்து, நிலத்தில் பதித்த பன்னிரண்டு குறிகளில் ஆண்டுக்கு மூன்று நாள் வீதம் அளக்கலாம். நாங்கள் நிலையங்களையே தேர்ந்தோம். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கமே.

இரண்டாவது வழி மலிவானது, திருட்டுப் பயமும் இல்லாதது. ஆயினும் முடிவைத் தீர்மானித்தது பருவம்தான். ஆனிச் சாரல் மேற்கே மலையடிவாரத்தை நனைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் பெருகுகின்றன. அந்த நீரின் எடையால் நிலம் சில மில்லிமீட்டர் தாழ்ந்து கோடையில் மீள்கிறது. கிழக்கே கரிசலில் குறி பதித்தால் மண் வீங்கிச் சுருங்குவதும் சேர்ந்துகொள்ளும். முதல் அளவைச் சித்திரையிலும் அடுத்ததைக் கார்த்திகையிலும் எடுத்தவர், குளத்து நீரைப் பிளவின் நகர்வாக எண்ணிவிடக்கூடும். ஒவ்வோர் அளவிலும் 3 மி.மீ. பிழை இருந்தால், ஈராண்டு இடைவெளியில் கணித்த வேகத்தில் ஆண்டுக்கு 2 மி.மீ. பிழை வரும். இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்ந்தாலும், தீபகற்பத்துக்குள் இடத்துக்கிடம் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால், தேடும் விடையே அந்தப் பிழைக்குள் மூழ்கிவிடும். நாள்தோறும் பதியும் நிலையத்திலோ பருவ அலை வரைபடத்தில் தெளிவாகத் தெரியும், அதைக் கழித்துவிடலாம். அதற்கும் குறைந்தது இரண்டரை ஆண்டுத் தொடர் பதிவு வேண்டும்.

பராமரிப்பு எளிதன்று. குரங்குகள் கேபிளைக் கடித்தன. ஐப்பசி இடிமின்னலில் ஆன்டெனா ஒன்று போயிற்று. புதியதைப் பொருத்திய நாளில் தொடரில் ஒரு படி, அதாவது நிலம் நகராமலே ஒரு திடீர்த் தாவல், விழுந்தது. அதைத் தனியே கணக்கிட்டு நீக்க வேண்டியிருந்தது.

வேகமான பிளவுகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஆண்டுக்குச் சுமார் 35 மி.மீ. நகர்வைச் சுமக்கிறது, அங்கே பத்தாண்டு இடைவெளியில் இரண்டு அளவுகளே பேசும். பக்கவாட்டில் நகரும் ஒரு பிளவு 15 கி.மீ. ஆழம்வரை நழுவாமல் பூட்டிக் கிடந்தால், வேக வேறுபாட்டில் பாதி அதன் இருபுறமும் 15 கி.மீ.-க்குள்ளேயே அடங்கிவிடும். அதைப் பிடிக்க நெருக்கமான குறிகள் தேவை. இரண்டு நிலையங்கள் போதா. அத்தகைய நிலத்தில் நான் வேலை செய்ததில்லை. அங்கே முக்காலிக்காரர் சொல்வதையே கேட்பேன்.

எங்கள் தொடர் நீண்டு, வேறுபாடு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்குள் என்று உறுதிப்பட்டால், ஆயிரம் ஆண்டில் சேரக்கூடிய நகர்வு அதிகபட்சம் அரை மீட்டர் என்று ஒரு மேல்வரம்பையாவது எழுதித் தர முடியும்.