அடுக்குமாடி கட்டியவர்களின் குடோன்: ஒரகடத்தில் எங்கள் அனுபவம்

இருசக்கர வாகன உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி விற்பது எங்கள் தொழில். செங்குன்றம் பக்கம் தகரக் கொட்டகையில் வைத்திருந்த சரக்கை ஒரகடத்துக்கு மாற்றிவிட்டோம். இதுவரை அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்றுவந்த நிறுவனம் ஒன்று புதிதாகத் திறந்த லாஜிஸ்டிக்ஸ் பார்க், அதாவது பெரிய குடோன் வளாகம் இது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, வரிக்காக மாநிலத்துக்கு ஒரு குடோன் வைக்கிற வேலை போய்விட்டது. எல்லாரும் ஒரே பெரிய இடமாகத் தேட ஆரம்பித்தார்கள். கட்டுமான நிறுவனங்களுக்கு இதில் கண் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. பெங்களூரு எம்பசி குழுமம் 2015லேயே வார்பர்க் பின்கஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தோடு கைகோத்து இதில் இறங்கியது. எங்களுடையது அவர்கள் இடம் அல்ல.

கட்டடத்தைக் குறை சொல்லவே முடியாது. பெருமழையிலும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. தரை மட்டமாக இருப்பதால் உயரமான ரேக்கிலும் போர்க்லிப்ட் ஆடாமல் பெட்டியை ஏற்றுகிறது. சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கில் லாரி பின்பக்கமாக வந்து நின்றதும் லெவலர் பலகை அதன் தளத்தோடு சேர்ந்துகொள்கிறது. கை வண்டி நேராக உள்ளே போய்விடும். முன்பு தலையில் சுமந்து இறக்கிய சரக்கு அது.

எனக்குப் பெரிய சந்தோஷம் ஆட்கள் விஷயத்தில்தான். ஆர்டருக்குச் சரக்கு எடுக்கும் பிக்கிங், பேக்கிங்கில் பாதிப் பேர் சுற்று வட்டார கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் கையில் ஸ்கேனரோடு வரிசை வரிசையாகப் போவாள்; பிரேக் ஷூ பெட்டியில் பார்ட் நம்பர் மாறியிருந்தால் நாங்கள் பார்ப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் இவர்கள் எல்லாரும் காண்ட்ராக்டர் கீழ்தான் இருக்கிறார்கள். பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பள ரசீதில் வருகிறது, அது நல்லது. அதே வேலையை வருஷக்கணக்கில் செய்பவர்களை நேரடியாக எடுத்துக்கொள்ளலாமே? உள்ளூருக்கு வேலை தருகிறோம் என்று வாசலில் பெரிய போர்டு வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்க உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் லாரிகள். இங்கேதான் வீடு கட்டிய பழக்கம் தெரிகிறது. வாசலும் தோட்டமும் அழகு. நாற்பது அடி டிரெய்லர் திரும்ப வளைவு போதவில்லை. காத்திருக்கும் வண்டிகள் வாலாஜாபாத் சாலை ஓரத்தில் நிற்கின்றன. ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவர் குளிக்கவும் படுக்கவும் உள்ளே இடம் இல்லை. பலமுறை சொல்லிவிட்டோம், கழிப்பறை மட்டும் ஒன்று வந்திருக்கிறது.

வாடகை பழைய இடத்தைவிட அதிகம், பராமரிப்புக் கட்டணம் தனி. சரக்கு சேதம் நின்றதில் எங்களுக்கு அது கட்டுப்படியாகிறது. மெதுவாக நகரும், விலை குறைந்த சரக்கு என்றால் யோசியுங்கள். சரி, எடுப்பதென்று முடிவானால் டிரெய்லர் நிறுத்த எத்தனை இடம், டிரைவர் ஓய்வறை எப்போது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.