‘குகை நுழைவு உறுதி’ என்று எழுதியிருந்தால் பணம் கட்டாதீர்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஸ்டாஃபா தீவுக்குப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற கோடையில் நானும் அப்பாவும் அங்கிருக்கும், அறுகோணத் தூண்களால் ஆன ஃபிங்கல் குகையின் வாசல்வரை போய், உள்ளே கால் வைக்காமலே திரும்பினோம். கடல் எங்களைத் தடுக்கவில்லை. டிக்கெட் விற்ற இடைத்தரகர் ஏமாற்றிவிட்டார்.

அப்பா முப்பது ஆண்டுகள் புவியியல் ஆசிரியராக இருந்தவர். எரிமலைக் குழம்பு மெல்ல ஆறும்போது சுருங்கி, வற்றிய ஏரியின் சேறுபோல வெடித்து, அந்த வெடிப்புகள் உள்நோக்கி நீள நீள அறுகோணத் தூண்களாகப் பிரியும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியவர். அந்தத் தூண்களை ஒருமுறையாவது கையால் தொட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதனால்தான், ‘குகை நுழைவு உறுதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒருநாள் பயணத்துக்கு, படகுக்காரர்களிடம் நேரடியாக எடுத்தால் ஆவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கட்டினேன்.

ஓபன் துறைமுகத்தில் காலைக் கப்பல், மல் தீவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், பிறகு ஃபினஃபோர்ட்டில் படகு. அன்று கடல் குளம்போலக் கிடந்தது. தீவின் தென்புறம் நெருங்கியதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கரிய தூண்கள். நடுவே 20 மீட்டர் உயரத்துக்கு வாய் திறந்த குகை. அலை உள்ளே போய் மோதும் ஒவ்வொரு முறையும், அடிவயிற்றில் அதிரும் ஓர் ஓசை வெளியே வந்தது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் இதற்கு ‘இன்னிசைக் குகை’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. கேட்டால்தான் ஏனென்று புரியும்.

எங்களுக்கு முன்னால் வந்த படகின் பயணிகள், முறிந்த தூண்களின் தலைகளைப் படிகளாக மிதித்து, பாறையோரக் கம்பியைப் பிடித்தபடி வரிசையாகக் குகைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் படகோ முகப்பைத் திருப்பியது. “எப்போது இறங்குவோம்?” என்று கேட்டேன். படகோட்டி என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். “இது தீவைச் சுற்றிக் காட்டுவதற்கு மட்டும். இறங்குவதற்கு உங்கள் பெயரில் யாரும் இடம் எடுக்கவில்லையே” என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இடைத்தரகருக்கு அன்றிரவே எழுதினேன். ‘மோசமான வானிலையால் இறங்க முடியாமல் போனால் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற விதியைக் காட்டிக் கைவிரித்தார். நாங்கள் திரும்பிய அதே நேரத்தில் முன்னால் வந்த படகின் பயணிகள் குகைக்குள் போகும் படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

விஷயம் தெரிந்த எவரும் ‘உறுதி’ என்று சொல்லவே மாட்டார்கள். வெயில் அடிக்கும் நாளிலும் அட்லாண்டிக்கின் நீள அலை துறையில் படகை அணைய விடாமல் போகலாம். இறங்கலாமா கூடாதா என்பதைப் படகோட்டி அங்கே போய்த்தான் முடிவு செய்வார். சில காலங்களில் குகைப் பாதையையே மூடிவிடுவதும் உண்டு. தீவு 1986 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பதால், அவர்களுடைய அறிவிப்பை முதலில் பாருங்கள். பிறகு படகுக்காரரிடமே, “தீவில் இறக்குவீர்களா, எவ்வளவு நேரம்?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாக ஒரு மணி நேரம் கிடைக்கும். கூடுதலாக ஒரு நாள் கையில் இருந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் அது இல்லை. மறுநாள் மாலை விமானம்.

வங்கியில் புகார் கொடுத்த பிறகு பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதிக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது 72 வயது. “அடுத்த வருடம் முழங்கால் ஒத்துழைத்தால் பார்க்கலாம்” என்கிறார்.