மினி லேத் ‘அப்கிரேடு செட்’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

7×12, 7×14 (அங்குலக் கணக்கில்) மினி லேத்துக்கு, அதாவது மேசைமேல் வைக்கும் சிறிய கடைசல் இயந்திரத்துக்கு, ‘முழு அப்கிரேடு செட்’ என்று நான்கு பொருளை ஒரே ஆர்டரில் சேர்த்து விற்கிறார்கள். பேக் பிளேட்டோடு 100 மி.மீ. மூன்று ஜா சக் (மூன்று தாடையால் பொருளைப் பிடித்துச் சுழற்றுவது), ஈஆர் 32 காலெட் ஹோல்டரும் 18 காலெட்டும் (கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிளவுக் குழல்கள்), குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட் (வெட்டும் டூலைச் சட்டென்று மாற்ற உதவும் பிடிப்பான்), ஸ்பிண்டிலுக்கு (சக்கைச் சுழற்றும் தண்டுக்கு) ஒரு ஜோடி டேப்பர் ரோலர் பேரிங். நான்குக்கும் ‘நேரடியாகப் பொருந்தும்’ என்று போட்டிருந்தது. சக்கோடு வந்த சான்றிதழில் ரன்அவுட் (சுற்றும்போது ஆடும் அளவு) 0.03 மி.மீ. பிரித்து அளந்து பார்த்ததில் நான்கில் ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை. எது எப்படித் தப்பாக வந்தது, அதை எப்படிப் பிடிப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதே படம் போட்ட செட் வேறு வேறு கடைப் பெயர்களிலும் தென்படுகிறது.

முதலில் சக். மினி லேத்தின் ஸ்பிண்டில் முகம் 80 மி.மீ. சக்குக்கானது: 55 மி.மீ. ரெஜிஸ்டர் (சக்கை மையத்தில் உட்கார வைக்கும் வட்ட விளிம்பு), 66 மி.மீ. போல்ட் வட்டம், மூன்று எம்6 போல்ட். கே11 வகை 100 மி.மீ. சக்குக்கு 72 மி.மீ. ரெஜிஸ்டர், 84 மி.மீ. போல்ட் வட்டம், மூன்று எம்8. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் பேக் பிளேட்டின் வேலை. ஒரு பக்கம் 55, மறுபக்கம் 72, இரண்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும்.

வந்த பிளேட்டில் 72 இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோமீட்டர் 71.84 காட்டியது. சக்கின் பள்ளம் 72.02. இடைவெளி 0.18 மி.மீ. போல்ட்டைத் தளர்த்தினால் சக் கையிலேயே ‘டக் டக்’ என்று ஆடுகிறது. 10 மி.மீ. கிரவுண்ட் (துல்லியமாகச் சாணை பிடித்த) கம்பியைப் பிடித்து டயல் (நுண் ஆட்டத்தைக் காட்டும் முள் கருவி) வைத்தால் ஜா பக்கத்தில் 0.19, அங்கிருந்து 80 மி.மீ. தள்ளி 0.31.

இந்த இரண்டு எண்ணும் இரண்டு தனித்தனிக் கோளாறைச் சொல்கின்றன. கிட்டேயும் தூரத்திலும் ஒரே அளவு அடித்தால் மையம் விலகல் மட்டும்தான். தூரம் போகப் போகக் கூடினால் சாய்வும் சேர்ந்திருக்கிறது: பிளேட்டின் முகம் கோணலாக இருக்கலாம், அல்லது ஜா வாய்ப்பக்கம் விரிந்திருக்கலாம். சக்கைக் கழற்றிவிட்டுப் பிளேட்டின் முகத்தில், வெளி ஓரமாக 95 மி.மீ. விட்டத்தில் டயல் வைத்ததும் 0.07 காட்டியது. அந்தச் சாய்வுக்கு 80 மி.மீ. தள்ளிக் கம்பியின் மையம் கிட்டத்தட்ட 0.06 விலகும், முழுச் சுற்றில் டயல் அதை இரட்டிப்பாக, 0.12 என்று காட்டும். 0.19-ஓடு 0.12-ஐக் கூட்டினால் 0.31. கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. குற்றவாளி பிளேட்தான், சக் அல்ல.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. டயல் அதிகம் ஏறும் இடத்தைச் சக்கிலும் பிளேட்டிலும் மார்க்கரால் குறித்துவிட்டு, சக்கை மட்டும் ஒரு போல்ட் ஓட்டை தள்ளி, அதாவது 120 டிகிரி திருப்பி மாட்டுங்கள். மேடு சக்கோடு நகர்ந்தால் சக்கில் கோளாறு. பிளேட்டோடு நின்றுவிட்டால் பிளேட்டில் கோளாறு. இடைவெளி இருக்கிற பிளேட் என்றால், ஒவ்வொரு முறையும் சக்கை ஒரே பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும்.

விற்பவரைக் குறை சொல்லும் முன் நம் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். ஸ்பிண்டில் முகத்திலேயே பிசிறு இருந்தால் எந்தப் பிளேட்டும் ஆடும். வெறும் ஸ்பிண்டிலின் 55 மி.மீ. ரெஜிஸ்டரிலும் முகத்திலும் டயல் வைத்து 0.01-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்களை 1, 2, 3 வரிசையில்தான் ஏற்றியிருக்கிறோமா என்றும் பாருங்கள். வரிசை மாறினால் ரன்அவுட் மில்லிமீட்டர் கணக்கில் வரும். இன்னொன்று: சாதாரண மூன்று ஜா சக் 0.05 முதல் 0.08 வரை அடிப்பது வழக்கம்தான், அதற்காகச் சண்டைக்குப் போவது நியாயமில்லை. 0.03 என்று எழுதிக்கொடுத்துவிட்டு 0.31-ஐ அனுப்பியதுதான் இங்கே பிரச்சினை. அந்த 0.03 டயலின் முழு ஆட்டமா, மைய விலகலா, ஜாவிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி அளந்தது என்று சான்றிதழில் ஒரு வரிகூட இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழை அச்சடித்த காகிதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரின் பதில்: “லூசாக இருப்பது நல்லது, ரப்பர் சுத்தியலால் தட்டி மையப்படுத்திக்கொள்ளலாம்.” இதில் பாதி உண்மை இருக்கிறது. வேண்டுமென்றே ரெஜிஸ்டரைக் குறைத்து, தட்டித் தட்டி ஒரு குறிப்பிட்ட விட்டத்துக்கு மையப்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் அப்போது சக்கைப் பிடித்து வைத்திருப்பது மூன்று எம்8 போல்ட்டின் அழுத்தம் மட்டும்தான். விட்டு விட்டு வெட்டுகிற வேலையில், உதாரணமாகச் சதுரக் கம்பியை உருட்டாக்கும்போது, அது நகர்ந்துவிடும். முகத்தின் சாய்வு சுத்தியலுக்கு அடங்கவே அடங்காது.

பேக் பிளேட் வாங்கினால் சக் பக்கம் ரெஜிஸ்டர் கூடுதலாக விட்டிருக்கும் பாதி முடித்த பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள். 73, 74 என்று வந்தால் நம் ஸ்பிண்டிலிலேயே மாட்டி 72-க்குக் கடைந்துகொள்ளலாம். முகத்தையும் அதே மாட்டலில் லேசாக ஒரு முறை கடைந்துவிடலாம். 71.84 என்று வந்ததை அப்படித் தேற்ற முடியாது. வளையம் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்: ரெஜிஸ்டரை 68-க்குக் குறைத்து, உள்விட்டம் அதற்கு இறுக்கமாகவும் வெளிவிட்டம் 73 ஆகவும் ஒரு எஃகு வளையம் செய்து, லாக்டைட் 638 பசை பூசி ஏற்றி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு ஸ்பிண்டிலிலேயே வைத்துச் சக் பள்ளத்துக்கு 0.01–0.02 இடைவெளி வரும்வரை கடைய வேண்டும். பின்பக்க எம்6 மரை ஓட்டை முன்பக்கம் வரை துளைத்து வராத பிளேட்டாக இருந்தால்தான் இது நடக்கும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் என்றால் இந்த விட்டத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று போதும். வார்ப்பிரும்புத் தூள் பெட்டில் (லேத்தின் அடித்தளத் தண்டவாளத்தில்) இறங்கினால் சாணை பிடித்த மாதிரி தேய்த்துவிடும், அதனால் பெட்டைத் தாளால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். முடித்ததும் பிளேட்டிலும் ஸ்பிண்டிலிலும் நேருக்கு நேர் ஒரு பஞ்ச் புள்ளி வைத்துவிட்டால், எப்போது கழற்றினாலும் அதே இடத்தில் மாட்டலாம். இந்தப் பிளேட் இப்படித்தான் தேறியது. இப்போது ஜா பக்கத்தில் 0.05, 80 மி.மீ. தள்ளி 0.06.

அடுத்தது பேரிங். மினி லேத் ஸ்பிண்டிலில் கம்பெனி போட்டு வருவது 6206: உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. செட்டில் வந்தது 30206 டேப்பர் ரோலர்: 30, 62, 17.25. ஒன்றுக்கு 1.25 மி.மீ. கூடுதல், இரண்டுக்கும் சேர்த்து 2.5 மி.மீ. ஸ்பேசர் வளையத்தைக் குறைக்காமல் மாட்டினால் பின்பக்க நட்டுக்கு மரை போதாது, கியரும் வரிசை தப்பும். இதைத்தான் ‘நேரடியாகப் பொருந்தும்’ என்று விற்றார்கள். அதிலும் மோசம், ஒரு பேரிங்கின் வெளி வளையம் 61.96 அளந்தது. வெளிவிட்டம் 62-க்கு மேல் இருக்கக் கூடாது, கீழே சுமார் 0.015 மி.மீ. வரைதான் குறையலாம். 0.04 மி.மீ. குறைந்த வளையம் ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் உட்காரும் பெட்டியில்) கையாலேயே வழுக்கி இறங்குகிறது. ஓடும்போது அதுவும் சேர்ந்து சுற்றி ஹெட்ஸ்டாக் துளையையே தேய்க்கும். பேரிங் வந்த அட்டைப்பெட்டியில் பி5 (கூடுதல் துல்லியத் தரம்) என்று ஒட்டியிருந்தார்கள், வளையத்தில் அப்படி எந்த முத்திரையும் இல்லை.

வெர்னியரால் அளந்து இதையெல்லாம் பிடிக்க முடியாது. 50–75 மி.மீ. மைக்ரோமீட்டர் வேண்டும், அளக்கும் முன் அதன் 50 மி.மீ. ஸ்டாண்டர்டில் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

இன்னொரு விஷயம் விற்பனைப் பக்கத்தில் எங்குமே இல்லை. 6206 மூடி போட்டது, உள்ளே கிரீஸோடு வரும். 30206 திறந்தது, அதில் இருப்பது துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் மட்டும். அப்படியே மாட்டி ஓட்டினால் சீக்கிரமே சூடேறிச் சத்தம் போடும். கழுவி, காயவைத்து, கிரீஸ் அடைத்து, சீவல் உள்ளே போகாமலிருக்க மறைப்பும் செய்ய வேண்டும். ஸ்பேசரைக் குறைக்கும் வேலை வேண்டாம் என்றால் 7206 ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் போடுங்கள். 30, 62, 16 என்று 6206-இன் அதே அளவு, ஸ்பேசரைத் தொடவே வேண்டியதில்லை. எதைப் போட்டாலும் நட்டை ஒரேயடியாக முறுக்காதீர்கள். ஆட்டம் போகும்வரை முறுக்கி, கால் மணி நேரம் ஓட்டி, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடியாத சூடு என்றால் சற்றுத் தளர்த்துங்கள்.

டூல் போஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஃகு, வெட்ஜ் (ஆப்பால் இறுக்கும்) வகை என்று எழுதியிருந்தார்கள். வந்தது கறுப்பு சாயம் பூசிய அலுமினியம், பிஸ்டன் (தண்டு தள்ளி இறுக்கும்) வகை. காந்தம் ஒட்டவில்லை. எடையைக் கேட்டிருந்தாலே முன்கூட்டித் தெரிந்திருக்கும், அதே அளவு எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம் இருக்கும். பார்டிங் (கம்பியை வெட்டிப் பிரிக்கும்) வேலையில் ஹோல்டர் கண்ணுக்குத் தெரியவே தலையாட்டுகிறது.

காலெட் செட்டில் ஹோல்டரின் உட்கோணம் பரவாயில்லை, டயலில் 0.01 தான். நட்டுதான் கோளாறு. ஈஆர் நட்டுக்குள் மையம் தள்ளிய ஒரு வளையம் இருக்கும், காலெட்டை முதலில் அதில் ‘கிளிக்’ என்று மாட்டி, பிறகு ஹோல்டரில் ஏற்ற வேண்டும். கழற்றும்போது காலெட்டை வெளியே இழுப்பது அந்த வளையம்தான். வந்த நட்டில் அது இல்லை, படத்தில் இருந்தது. காலெட் உள்ளேயே இறுகிக்கொள்கிறது. இதுபோக, எம்டி 3 (மோர்ஸ் டேப்பர்) தண்டு ஹோல்டர் ஸ்பிண்டில் துளையை அடைத்துவிடும், நீளக் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது. அது விற்றவர் தப்பில்லை, வாங்குகிறவர் யோசிக்க வேண்டியது. 55 மி.மீ. ரெஜிஸ்டரில் போல்ட் போட்டு மாட்டும் ஈஆர் 32 சக்தான் லேத்துக்கு நல்லது.

சிறிய மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே ‘பொருந்தும்’ கதைதான். ஆர்8 தண்டில் (மில்லிங் டூல் ஹோல்டரின் ஒரு வகைத் தண்டு) டிராபார் (அதை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் போல்ட்) மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை என்றும் வரும், எம்12 என்றும் வரும். 11.11 மி.மீ.-க்கு 1.27 பிட்ச், 12 மி.மீ.-க்கு 1.75 பிட்ச். ஒன்றின் போல்ட் இன்னொன்றில் பிடிக்காது. ஆர்8 என்று மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள், மரையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் திரும்பப் பெறும் கதை. முதல் வாரம் வீடியோ கேட்டார்கள். இரண்டாம் வாரம் வேறு கோணத்தில் வீடியோ. மூன்றாம் வாரம் ‘தொழில்நுட்பப் பிரிவு பார்க்கிறது’. நான்காம் வாரம் 15 சதவீதம் தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 30 நாள் கெடு முடிந்தது. செட்டாக வாங்கியதால் பேரிங்கை மட்டும் திருப்ப முடியாது, நான்கையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டுமாம். அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில். ஒவ்வொன்றையும் தனித்தனி ஆர்டராகப் போட்டிருந்தால் இந்த முடிச்சே விழுந்திருக்காது.

பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் சரி, முதல் வாரத்திலேயே தளத்தின் புகார்ப் பக்கத்தில் பதிந்துவிடுங்கள். விற்பவரோடு தனியாகச் செய்தியில் பேசுவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மைக்ரோமீட்டர் எண்ணும் பார்சல் லேபிளும் ஒரே படத்தில் விழ வேண்டும். வீடியோவில் வெறும் ஸ்பிண்டிலில் டயல் அசையாததை முதலில் காட்டிவிட்டு, வெட்டாமல் அப்படியே பிளேட்டை மாட்டி அளந்து காட்டுங்கள். இல்லாவிட்டால் ‘உங்கள் லேத்தில்தான் கோளாறு’ என்று முடித்துவிடுவார்கள், எனக்கு வந்த இரண்டாவது பதிலே அதுதான். அதுவரை எதையும் கடையாதீர்கள், பிசிறுகூட எடுக்காதீர்கள். அரம் பட்ட பொருளை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

கடைசியில் டூல் போஸ்ட்டுக்கு மட்டும் பணம் வந்தது, காந்தம் ஒட்டாத வீடியோவுக்கு அவர்களிடம் பதில் இல்லை. விற்பனைப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. சக்குக்கு அதே 0.03, நட்டுக்கு அதே படம். பேரிங் வரியில் மட்டும் ‘சிறு மாற்றம் தேவைப்படலாம்’ என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.