"பழைய விலைக்கே கொரில்லா பெர்மிட்" என்றான்: 1,400 டாலர் போச்சு

உகாண்டாவிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் போனது பிவிண்டி தேசியப் பூங்காவுக்கு. உகாண்டாவின் தென்மேற்கு மூலை, மலைமேல் அடர்காடு. உலகத்தில் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கின்றன, அதில் பாதிக்குக் கிட்ட அங்கேதான். அம்மா முப்பது வருடம் விலங்கியல் டீச்சர். ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்குப் பெர்மிட் வேண்டும். வெளிநாட்டுப் பயணிக்கு முன்பு 700 டாலர், 2024 ஜூலையிலிருந்து 800.

தங்குமிடம், வண்டி எல்லாம் நானே நேரடியாகப் பேசிப் பிடித்தேன். பெர்மிட்டை மட்டும் ஃபேஸ்புக்கில் கிடைத்த ஒரு சின்ன டூர் ஏஜென்சியிடம் விட்டேன். பெயரைப் போடாதே என்று வக்கீல் நண்பன் சொல்லியிருக்கிறான், போடவில்லை. "விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கி வைத்தது கொஞ்சம் இருக்கிறது, பழைய விலைக்கே தருகிறேன்" என்றான் அந்த ஆள். இரண்டு பேருக்கு 1,400 டாலர். 200 டாலர் மிச்சம் என்று எனக்கு ஒரே குஷி.

ஆனால் விலைக்காக மட்டும் நான் நம்பவில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறதா என்று அவனாகவே கேட்டான். நடக்க முடியாதவர்களை ஆட்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டு போவார்கள், அந்த ஊரில் அதற்குப் பெயர் 'ஹெலிகாப்டர்' என்று சொல்லிச் சிரித்தான். நம் சபரிமலை டோலிதான்! அம்மாவின் நம்பரை வாங்கி அவருக்கே வாய்ஸ் நோட் அனுப்பினான். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், கொரில்லா முன்னால் ஒரு மணி நேரம், சளி பிடித்திருந்தால் உள்ளே விட மாட்டார்கள், மழைக்கோட்டு கட்டாயம் கொண்டு வாருங்கள். அத்தனையும் சரியான தகவல். பொய்க்காரன் இவ்வளவு உண்மை பேசுவானா என்று நினைத்துவிட்டேன்.

கம்பெனிக் கணக்கில் ஏதோ சிக்கல், மேனேஜர் பெயருக்கு அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். 1,400 டாலர், நம் பணத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் குறையாது. மறுநாளே பெர்மிட் வந்தது. முத்திரை, எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், எல்லாம் அச்சாக இருந்தது.

விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கி வைத்த பெர்மிட்டில் எங்கள் பாஸ்போர்ட் எண் எப்படி வந்தது? இந்தக் கேள்வி எனக்கு உதித்த இடம் புஹோமா, பூங்கா வாசல், காலை ஏழே முக்கால். பெண்கள் பாடி ஆடி வரவேற்றார்கள். அம்மா கையில் ஊன்றுகோல்கூடக் கொடுத்தாயிற்று. அங்கிருந்த பெண் ரேஞ்சர் எங்கள் பாஸ்போர்ட்டையும் பட்டியலையும் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கள் பெயர் இல்லை. புதிதாக வாங்கவும் வழியில்லை, அன்றைக்கு எல்லாக் குழுவும் நிரம்பிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார வைத்து டீ கொடுத்து, அவனுக்குப் போன்கூடப் போட்டுப் பார்த்தார்கள். மற்றவர்கள் வரிசையாகக் காட்டுக்குள் போக, அம்மா கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "விடுடா, இந்தக் காட்டையாவது பார்த்தோமே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பின் அவன் சொன்னதெல்லாம்: சிஸ்டத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள். நாளைக்கு வாருங்கள். இன்று ஞாயிறு. கணக்கர் லீவு. பணம் திரும்பப் பதினான்கு வேலை நாள் ஆகும். "சார், கோபப்பட்டால் ஒன்றும் நடக்காது." கடைசியில் என் மெசேஜுக்கு ஒற்றை டிக், ப்ரொஃபைல் படமும் காணோம். இங்கே என் வங்கியில், நீங்களாக விரும்பி அனுப்பியதுதானே என்று கேட்கிறார்கள். 1,400 டாலர்!

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பெர்மிட் கொடுப்பது உகாண்டா வனவிலங்கு ஆணையம். பெர்மிட் எண்ணை அவர்களுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று பூங்காவுக்கு நாலு பக்கம் இருக்கிறது, பெர்மிட் எந்தப் பக்கத்துக்கு என்று பார்த்துத் தங்குமிடம் எடுங்கள். அரசு வைத்த விலைக்குக் கீழே எவன் சொன்னாலும் நம்பாதீர்கள்.

என்னை பிளாக் பண்ணியவன் அம்மாவை மறந்துவிட்டான் போல. இன்று காலை அம்மா போனில் அவன் ஸ்டேட்டஸ் தெரிந்தது. "பழைய விலை, இன்னும் இரண்டே பெர்மிட்."