தி வாக்கிங் டெட், முதல் சீசன்: சொன்ன சொல் பின்னாலேயே வரும்

டெல்டேல் கேம்ஸ் 2012 ஏப்ரலில் தொடங்கி நவம்பருக்குள் ஐந்து பாகங்களாக வெளியிட்ட இந்த ஜாம்பி விளையாட்டில் சுடுவது குறைவு, பேசுவது அதிகம். சிறைக்குக் கொண்டுபோகப்படும் லீ எவரெட், வழியில் கார் விபத்தில் தப்பி, ஒரு வீட்டில் தனியாக ஒளிந்திருக்கும் எட்டு வயதுச் சிறுமி கிளமென்டைனைச் சந்திக்கிறான். அதன்பின் ஜார்ஜியா மாநிலத்து ஊர்களில் அவளைப் பிழைக்க வைப்பதுதான் உங்கள் வேலை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சாதாரண மடிக்கணினி வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதலில் கைகாட்ட வேண்டிய கதை விளையாட்டு இதுதான். பழைய எஞ்சின், படக்கதை மாதிரி வரைந்த காட்சிகள். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது.

நம் முடிவால் கதை மாறுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பெரிய பாதை மாறாது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வழியாக நுழைந்து வளவில் எந்த அறைக்குள் போய் வந்தாலும், கடைசியில் பின்கட்டைத் தாண்டி அடுத்த தெருவில்தான் இறங்குவோம். இந்தக் கதையின் கட்டுமானமும் அதுவே. முதல் பாகத்தில் மருந்துக் கடைக்குள் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் பாகத்தில் அந்தக் கிளை முடிந்துவிடும்.

அப்படியானால் எதற்கு விளையாடுவது? இரண்டாம் பாகத்துச் சாப்பாட்டுக் காட்சிக்காகவே விளையாடலாம். அன்றைய உணவை, உங்கள் குழுவில் இருக்கும் லில்லி உங்கள் கையில் கொடுத்து, நீயே பங்கிடு என்பாள். இருப்பது நான்கே துண்டு. பசித்த வாய் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் உழைக்கிறவன் முறைப்பான். முரட்டுக் கிழவர் லாரிக்குக் கொடுப்பதா என்று கை தயங்கும். சரியான விடை கிடையாது, கொடுக்கப்படாதவர்களின் முகம் மட்டும் உண்டு. பந்தியில் யார் இலையும் காலியாக இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறும் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் இன்னும் கூடுதலாகச் சுடும்.

நீங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்து, நான்காம் பாகத்தின் முடிவில் உங்களோடு வருகிறவர்களின் எண்ணிக்கை மாறும். ஐந்தாம் பாகத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து, வழியெல்லாம் நீங்கள் செய்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, 'இது விளையாட்டுதானே' என்று தப்பிக்க முடிவதில்லை. இதைவிட அதிகக் கிளைகள் கொண்ட எத்தனையோ விளையாட்டுகள் பின்னால் வந்துவிட்டன; விளையாடுகிறவர் சொன்ன சொல்லையே சாட்சியாக நிறுத்துவதில் இதுவே இன்றும் முன்னால் நிற்கிறது.

தமிழ்க் குரலோ தமிழ் எழுத்தோ இல்லை. முதல் வேலையாக அமைப்புகளில் சப்டைட்டிலை இயக்குங்கள். பேச்சு வரும்போது பெரும்பாலும் நான்கு பதில்கள் தோன்றும், கீழே ஒரு கோடு சுருங்கிக்கொண்டே போகும். கோடு தீர்ந்தால் மௌனமே உங்கள் பதிலாகப் பதிவாகும். சில இடங்களில் அதுவே நல்ல பதிலும்கூட. ஆங்கிலம் நிதானமாக வாசிப்பவர்களுக்கு இங்கேதான் இடறும். முதல் இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு அமுக்கினால், நினைத்ததைவிடக் கடுமையாக லீ பேசிவிடுவான். இருவராக உட்கார்ந்து ஒருவர் வாசித்துச் சொல்வது நல்ல வழி. ஆனால் வீட்டுக் கூடத்தில் வேண்டாம்: வசவும் ரத்தமும் நிறைய, ஐரோப்பியத் தரச்சான்றே 18 வயதுக்கு மேல் என்கிறது.

தொடக்கத்தில் திரைக்குறிப்புகள் முழுதாக வேண்டுமா, குறைவாக வேண்டுமா என்று கேட்கும். புதியவர்கள் முழுதையே எடுங்கள். விசைப்பலகையில் சண்டைக் காட்சிக்கு க்யூ (Q) விசையை அழுத்திப் பிடித்தால் செத்துப்போவீர்கள். விடாமல் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்து, திரையில் E எழுத்து தோன்றியதும் அந்த விசையை அமுக்க வேண்டும்.

சேமிப்பு முழுக்கத் தானியங்கி. காட்சியின் நடுவில் மின்சாரம் போனால் கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திரும்புவீர்கள், எடுத்த முடிவை மறுபடி எடுக்க வேண்டிவரும். பேட்டரி செத்த மடிக்கணினிக்காரர்களும் மேசைக் கணினிக்காரர்களும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மூன்று சேமிப்பு இடங்கள் உண்டு. பழைய காட்சிக்குப் பின்னோக்கிப் போய் வேறு முடிவைப் பார்க்க விரும்பினால் வேறொரு இடத்தில் செய்யுங்கள், இல்லையென்றால் அதற்குப் பிந்தைய முடிவுகள் அழிந்துவிடும். விண்டோஸில் பழைய பதிப்பின் சேமிப்பு, டாகுமென்ட்ஸ் கோப்புறைக்குள் டெல்டேல் கேம்ஸ் என்ற பெயரில் இருக்கும். ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் அதைப் பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இரண்டாம் சீசன் அந்தக் கோப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் உங்கள் முடிவுகளைத் தானே ஏதோ ஒன்றாக நிரப்பிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. முதல் பாகத்து ரேடியோ பேட்டரி தேடல், மூன்றாம் பாகத்து ரயிலைக் கிளப்பும் வேலை இரண்டும் கதையின் வேகத்தைக் கட்டிப்போடுகின்றன. துப்பாக்கிக் காட்சிகளில் குறி வைப்பது தடுமாற்றம். டேவ் ஃபென்னாயும் மெலிசா ஹட்சிசனும் லீக்கும் கிளமென்டைனுக்கும் கொடுத்த குரல்தான் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ள வைக்கிறது.

வாங்குவதென்றால், முதல் சீசனை மட்டும் சலுகை நாட்களில் எடுத்துப் பாருங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பிடித்துப்போய் முழுக் கதையும் வேண்டுமென்றால், 2018இல் டெல்டேல் மூடப்பட்ட பிறகு இறுதி சீசனை முடித்துக் கொடுத்த ஸ்கைபவுண்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட டெஃபினிட்டிவ் சீரிஸ் இருக்கிறது. மொத்தம் 23 பாகங்கள். தரவிறக்கம் பெரியது, மொபைல் டேட்டாவை நம்பாமல் ஃபைபர் இணைப்பில் இரவில் போட்டுவிடுங்கள். அதில் மிஷோன் என்ற வேறொரு பாத்திரத்தின் மூன்று பாகங்களைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், கிளமென்டைன் கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.