டைமிங் பெல்ட்டா, செயினா? நான் ஏன் பெல்ட் வண்டி எடுத்தேன்

ரெண்டு பழைய வண்டி பார்த்து வெச்சிருந்தேன். ஒண்ணுல டைமிங் பெல்ட், இன்னொண்ணுல செயின். ஓடுன கிலோமீட்டர் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கேட்ட எல்லாரும் "செயின் எடு, மாத்தவே வேண்டாம்"னு ஒரே பாட்டு. கடைசில நான் எடுத்தது பெல்ட்.

பெல்ட்னா ரப்பர், செயின்னா இரும்பு, சத்தம் கூட குறைய, இதெல்லாம் தெரிஞ்சதுதான். பிஸ்டன் சுத்திவிடற தண்டு கிராங்க், வால்வத் தொறக்கற தண்டு கேம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தும்போது கேம் ஒரு சுத்து சுத்தணும், பெல்ட்டுக்கும் செயினுக்கும் வேலை அவ்ளோதான். கணக்கு தப்புனா, பிஸ்டனும் வால்வும் ஒரே எடத்துக்கு மாறி மாறி வந்து போற இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சினா இருந்தா பிஸ்டன் வந்து வால்வ வளைச்சிடும், அப்புறம் வால்வெல்லாம் இருக்கற மேல்பாகம், அந்த ஹெட்டையே கழட்டணும்.

என்னை யோசிக்க வெச்சது ஆயில். செயின் நீளுதுன்னு சொல்றாங்கல்ல, இரும்பு ஒண்ணும் இழுபடல, ஒவ்வொரு லிங்க்லயும் இருக்கற பின்னும் புஷ்ஷும் துளித்துளியா தேயுது, மொத்தமா சேர்ந்து செயின் தளர்ந்துடுது. அழுக்கு ஆயில்ல ஓடுனா சீக்கிரம் தேயும். பெரும்பாலான எஞ்சின்ல அத இறுக்கிப் புடிக்கற டென்ஷனரும் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது. அப்போ செயினோட ஆயுசு முந்தின ஓனர் கையில இருந்திருக்கு, அவர் ஆயில் எப்போ மாத்துனார்னு நான் எங்க போய் கேக்கறது? சர்வீஸ் புக்ல சீல் இருக்கும், சீல் ஆயில் மாத்தாது.

செயின் வண்டிய நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். பானட்ல கை வெச்சேன், சில்லுனு இருந்துச்சு. சாவியத் திருப்புனதும் தகர டப்பால சில்லறையக் குலுக்குன மாதிரி ரெண்டு செகண்ட், அப்புறம் அமைதி. "காலைல அப்படித்தான்"ன்னார் விக்கறவர். இருக்கலாம், டென்ஷனர்ல ஆயில் எறங்கியிருந்தாலும் அப்படி கேக்கும், ஆனா செயின் உரசி ஓடற கைடு பட்டை தேஞ்சிருந்தாலும் அதே சத்தம்தான், பிரிச்சுப் பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். செயின் கவர் ஆயிலுக்காக சீல் பண்ணது, சும்மா தொறந்து பார்க்கற விஷயம் இல்ல, சில எஞ்சின்ல செயின் கியர்பாக்ஸ் பக்கமே இருக்கும்.

பெல்ட்டுக்கு இந்த ஜோசியம் தேவையில்ல. மேனுவல்ல கிலோமீட்டரும் இருக்கும், வருஷமும் இருக்கும், எது முதல்ல வருதோ அது. பல வண்டிக்கு ஒரு லட்சத்த ஒட்டி, சிலதுக்கு கூட, சிலதுக்கு கம்மி, உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. கம்மியா ஓடுன வண்டிதானேன்னு விட்றாதீங்க, நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். பில் இல்லையா, மாத்தலைன்னே வெச்சுக்கோங்க. நான் வாங்குன முதல் வாரமே மாத்திட்டேன்.

கழட்டுன பெல்ட்ல வெடிப்பு ஒண்ணுமே இல்ல, முதுகுல எழுத்து கூட அழியல. ஆனா பெல்ட்டுக்கு வழிகாட்டற ஐட்லர் உருளைய விரலால சுத்திவிட்டா காஞ்ச பேரிங் சத்தம், வாட்டர் பம்ப் ஓரத்துல கூலன்ட் கசிஞ்சு காஞ்ச வெள்ளைத் தடம். பெல்ட் பார்க்க நல்லா இருக்குங்கறத வெச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. டென்ஷனர், ஐட்லர், பம்ப்பும் அந்த பெல்ட்லயே ஓடுச்சுன்னா பம்ப், எல்லாத்தையும் சேர்த்தே மாத்திடுங்க, தனியா மாத்துனா அதே கூலிய ரெண்டு தடவ கொடுக்கணும். மாட்டி முடிச்சதும் மெக்கானிக் ஸ்பேனர் போட்டு கையாலயே கிராங்க ரெண்டு முழு சுத்து சுத்தி, கிராங்க், கேம் புல்லில இருக்கற டைமிங் மார்க் திரும்ப ஒண்ணு சேருதான்னு பார்த்துட்டுத்தான் சாவியத் தொட்டார். உங்காள் பார்க்கலைன்னா கேளுங்க.

ஆயில்லயே ஓடற வெட் பெல்ட் வண்டி நான் வெச்சிருந்ததில்ல. ஆயில் தப்பான கிரேடா இருந்தா ரப்பர் உப்பி உதிர்ந்து எஞ்சின் அடியில ஆயில் தேங்கற சம்ப்ல இருக்கற ஸ்ட்ரெய்னர், அந்த ஆயில் சல்லடைய அடைக்கும், அதனால மேல சொன்ன என் வாதம் அதுக்கு செல்லாது.

புது வண்டி எடுத்து ஆயில நீங்களே நேரத்துக்கு மாத்தப் போறீங்கன்னா செயின்தான், நானும் அதத்தான் எடுப்பேன். செயின் வண்டில ஸ்டார்ட் பண்ணதும் வர்ற அந்த சத்தம் நிக்கலைன்னாலோ, ஸ்கேனர்ல கேம் கிராங்க் ஒத்துப்போகலைன்னு எரர் கோட் வந்தாலோ தள்ளிப்போடாம பாருங்க, மாத்தும்போது கைடு, டென்ஷனரையும் சேர்த்துடுங்க.

என் வண்டி பெல்ட் கவர் மேல மாத்துன மாசத்தையும் கிலோமீட்டரையும் மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு வாங்கறவர் அத நம்புவாரா? நானா இருந்தா பில் கேப்பேன்.